மறுநாள் சாறு

ஒப்பட்டைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெந்த பருப்பையும் வெல்லத்தையும் அரைத்து, மாவுக்குள் வைத்துத் தட்டி, கல்லில் போட்டு எடுக்கிற இனிப்பு. தெற்கே இதைப் போளி என்பார்கள். அந்தப் பருப்பு வெந்த தண்ணீரை அவர்கள் என்ன செய்கிறார்களோ எனக்குத் தெரியாது. ஓசூர்ப் பக்கத்தில் உகாதிப் பண்டிகையே அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. அதில்தான் ஒப்பட்டுச் சாறு வைப்பார்கள். ரசமும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஒன்று. காரம் ஏறும்போதே பின்னால் லேசாக இனிப்பு வரும். ஒப்பட்டைத் தின்றுவிட்டு ஆகா ஓகோ என்கிறவர்களை நான் எப்போதும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவன் சாறுக்குத்தான் இலையில் குழி பறிப்பான்.

நான் பிறப்பால் உகாதிக்காரன் இல்லை. மத்தூர்ப் பக்கம். எங்களுக்கு உகாதி என்றால் காலண்டரில் ஒரு சிவப்பு எழுத்து, அவ்வளவுதான். எங்கள் பண்டிகை பொங்கல். அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். அது ஊரே உட்கார்ந்து செய்கிற வேலை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்ட வந்தேன். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தேன். அவர்கள் வீட்டில் தமிழ்தான், ஆனால் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டால் மொழி மாறிவிடும். கல்யாணமான புதிதில் அவள் கன்னடத்தில் என்ன திட்டுகிறாள் என்று புரியாமல் நான் சிரித்துக்கொண்டிருப்பேன், அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வேன். பொங்கல் மத்தூரில், உகாதி ஓசூரில் என்று எங்களுக்குள் ஒரு உடன்பாடு இருந்தது. மத்தூரில் அப்பா அம்மா போன பிறகு நிலம் தம்பி பக்கம் போயிற்று. பொங்கல் போக்குவரத்து குறைந்து போனில் வந்து நின்றது. அதில் யார் மேலும் குற்றம் இல்லை. உகாதி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

அப்போது நாங்கள் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாகக் கதவுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. உகாதிக்கு முதல் நாளே அஞ்செட்டிப் பக்கத்து ஜனம் வந்து இறங்கிவிடும். மாமனார், மாமியார், மைத்துனன் குடும்பம், கொழுந்தியாள், அவளுடைய புருஷன், இன்னும் எனக்கு உறவுமுறை விளங்காத இரண்டு மூன்று பேர். படுக்க இடம் இருக்காது. பக்கத்து வீட்டு பாய் குடும்பம் தங்கள் முன்னறையைத் திறந்துவிடும். அந்த வீட்டம்மாவுக்குத் தட்டு நிறைய ஒப்பட்டு கொண்டுபோய்க் கொடுத்தால், "இது பிள்ளைங்களுக்கு. எனக்கு அந்தச் சாறு ஒரு சொம்பு குடுத்து வுடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். விஷயம் தெரிந்த அம்மா.

பண்டிகையில் எனக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. வடிப்பது. பெரிய அலுமினியக் குண்டானில் துவரம்பருப்பு கொதிக்கும். பருப்பு மலர வேண்டும், ஆனால் குழைந்துவிடக் கூடாது. என் மனைவி ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப வடிங்க" என்பாள். அதற்குக் கொஞ்சம் முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. நான் இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, மூடியை அழுத்திப் பிடித்து, குண்டானைச் சாய்ப்பேன். ஆவி முகத்தில் அடிக்கும். மஞ்சளாக, கனமாக, ஒரு துளிப் பருப்பும் விழாமல் தண்ணீர் இறங்கும். லேத்தில் எத்தனையோ நுணுக்கமான வேலை செய்திருக்கிறேன். எந்தச் சூப்பர்வைசரும் பாராட்டியதில்லை. வடித்து முடித்ததும் மாமியார் மட்டும், "பரவால்ல, மாப்பிள்ளைக்கு வடிக்கத் தெரியுது" என்பார். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் எப்படிச் சாறாகிறது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. அது பெண்கள் கூட்டம் கூடி, பேசி, சிரித்து, சண்டை போட்டுச் செய்கிற காரியம்.

மத்தியானம் பந்தி உட்காரும்போது வழக்கமாக ஒரு பேச்சு எழும். சாறை முதல் வாய் வைத்ததும் மைத்துனன், "அக்கா, உப்பு பத்தல" என்பான். இது வருஷா வருஷம் நடக்கும். என் மனைவி தலையைக்கூடத் தூக்காமல், "நாளைக்குச் சாப்பிட்டுப் பாரு" என்பாள். அவள் வேண்டுமென்றேதான் உப்பைக் குறைத்துப் போடுவாள். சாறு மறுநாளைக்குத்தான் சாறு. ராத்திரி முழுக்க ஊறி, காலையில் திரும்பச் சுடவைத்து, கொஞ்சம் சுண்டி வரும்போது உப்பு தானாகச் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். அதோடு சூடாக ராகிக் களி. உருண்டையைப் பிட்டுச் சாறில் தோய்த்து விழுங்கினால் தொண்டைவரை பண்டிகை தெரியும்.

அதனால் யாரும் அன்றைக்கே கிளம்ப மாட்டார்கள். கிளம்பவும் முடியாது. அஞ்செட்டிக்கு அப்புறம் உள்ளே போகிற பஸ் எப்போதாவது ஒன்றுதான், அதையும் நம்ப முடியாது. உகாதிக்கு மறுநாள் ஓசூர்ப் பக்கத்தில் கறி நாள் வேறு. "எல்லாரும் கறிக்குத்தானே தங்கறாங்க" என்று மைத்துனன் வம்புக்கு இழுப்பான். கறி எங்கேயும் கிடைக்கும். உப்புக் குறைத்துப் போட்ட சாறைச் சாப்பிட்டுவிட்டு, அது சரியாவதற்குள் எழுந்து போக மனசு வராது. அதுதான் உண்மை. என் மனைவி உப்பைப் போட்டு ஆட்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை. மைத்துனனோடு சேர்ந்து நானும் உப்புக் கேட்டிருக்கிறேன்.

மாற்றம் என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. வெல்லமும் பருப்பும் சீக்கிரம் அரைந்தன. நல்லதுதானே என்றோம். லைன் வீட்டை விட்டுச் சொந்தமாக ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். இடம் தாராளமாக இருந்தது, ஆனால் படுக்க ஆள் குறைந்தது. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போனார்கள். மைத்துனன் கொள்ளேகால் பக்கம் தோட்டத்துக்குப் போய்விட்டான். குண்டான் பரண் ஏறி, குக்கர் இறங்கியது. குக்கரில் வெந்த பருப்பை வடிக்க ஒரு ஆம்பிளை தேவையில்லை. என் வேலை அப்படித்தான் போயிற்று, யாரும் என்னை வேலைநீக்கம் செய்யவில்லை.

பிறகு என் மனைவிக்கு முழங்கால் வலி வந்தது. தரையில் உட்கார்ந்து ஒப்பட்டு தட்ட முடியவில்லை, நின்றாலும் வலி. எங்களுக்கு ஒரே மகள். அவள் அப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "அம்மா, என்னாத்துக்கு இந்தப் பாடு? ஓசூர்ல கடை கடையா சூடாப் போட்டுத் தர்றாங்க. வாங்கிக்கலாம்" என்றாள். அம்மாவின் கால் மேல் இருந்த பாசத்தில் சொன்னதுதான். அந்த வருஷம் கடையில் வாங்கினோம். தேங்காய் ஒப்பட்டு, பருப்பு ஒப்பட்டு, கேரட் ஒப்பட்டு, உலர்பழம் போட்டது என்று பெட்டி பெட்டியாக அடுக்கிக் கொண்டுவந்தாள். மெல்லியதாக, வட்டம் பிசகாமல், எங்கள் வீட்டில் ஒரு நாளும் வராத அழகோடு இருந்தன.

இலை போட்டோம். என் மனைவி ஒப்பட்டு வைத்தாள், நெய் ஊற்றினாள், சோறு வைத்தாள். நான் வழக்கம்போலச் சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தேன். தக்காளி ரசம் வந்து விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கடையில ஒப்பட்டு குடுப்பாங்க. தண்ணி குடுப்பாங்களா?" என்றாள்.

மூன்று பேருமே சிரித்தோம். இவ்வளவு யோசித்து வாங்கிய எங்கள் புத்திக்கு அந்தத் தண்ணீர் மட்டும் எட்டவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த வருஷமும் பெட்டிதான் வந்தது. அதற்கடுத்த வருஷம் யாரும் பேச்சே எடுக்கவில்லை. சாறு இல்லாததால் மறுநாளும் இல்லாமல் போயிற்று. மகள் காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடுவாள். ரோடு அப்படி. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். பஸ் இல்லாத காலத்தில் காட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் தங்கினார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வருகிறாள். பக்கத்தில் இருப்பதுதான் வினையாகப் போயிற்று என்று நான் எரிச்சலாகச் சொன்னால், "அவளுக்கு மறுநாள் ஆபீஸ் இல்லியா? சும்மா இருங்க" என்று என் மனைவிதான் அடக்குவாள்.

அந்த அடக்குகிற குரலும் போய்விட்டது. காய்ச்சல் என்று போனோம், வேறு ஏதோ என்றார்கள், பெங்களூருக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரும்போது நான் மட்டும் வந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. அதற்கு அடுத்த உகாதிக்கு மகளும் மாப்பிள்ளையும் பெட்டியோடு வந்தார்கள். மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம், தங்கமான பையன், என்னிடம் மரியாதை கொஞ்சம் அதிகமாகவே காட்டுவார். அம்மா படத்துக்குப் பூ வைத்தோம். வேப்பம்பூவும் வெல்லமும் வாயில் போட்டுக்கொண்டோம். சாப்பாட்டையும் மகள் வரும் வழியில் ஒரு ஓட்டலில் வாங்கி வந்திருந்தாள். சாப்பிட்டோம். வெயில் தாழ்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால், மேஜை மேல் பாதி ஒப்பட்டு பெட்டியில் இருந்தது. வீடு பண்டிகைக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகக் காலியாகத் தெரிந்தது. தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது வந்துவிட்டுப் போனால்தான் தெரிகிறது, பழகவில்லை என்று.

இந்த வருஷம் மகள் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். காலையில் எழுந்திருக்கும்போது வீட்டுக்குள் இன்னொருவர் நடக்கிற சத்தம் கேட்க வேண்டும். போனில் ஒரு வார்த்தை, "தங்கிட்டுப் போ பாப்பா" என்று சொன்னால் தங்கியிருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டு வாங்கினால் அது தங்கல் இல்லை, ட்யூட்டி. ஓவர்டைம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி என் வீட்டில் இருப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. என் பிடிவாதம் அப்படி. அதனால் என் மனைவி செய்த வழியில் போகலாம் என்று முடிவு செய்தேன். சாறு வைப்பது.

உகாதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை பார்த்தேன். ஒரு டம்ளர் துவரம்பருப்பைக் கழுவிப் போட்டு, குக்கர் வேண்டாம் என்று பாத்திரத்திலேயே வேகவைத்து, வடித்து, கடையில் விற்கிற ரசப்பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். வாயில் வைத்தால் மஞ்சள் போட்ட வெந்நீர். அஞ்செட்டியில் இருக்கிற கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, ஒரு டம்ளர் பருப்புல என்னா தண்ணி வரும்? குண்டான் பருப்பு வேவணும். இருவது முப்பது பேருக்கு ஒப்பட்டு தட்டற பருப்பு. அந்தத் தண்ணிதான் சாறு. ஒரு ஆளுக்குச் சாறு வெக்க முடியாது."

"இப்ப என்ன பண்றது?"

"எதுக்குங்க மாமா உங்களுக்கு இந்த வேலை? நானே இப்பல்லாம் தட்டறதில்ல. மருமவ கடையிலதான் வாங்கியாறா."

அஞ்செட்டியிலுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு ஆளுக்குச் சாறு வைக்க முடியாது என்று அவள் சாதாரணமாகச் சொன்னதுதான், ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. சமையலில் அப்படி ஒரு சட்டம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள். அடுப்பின் மேல் அந்த மஞ்சள் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கொட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மருந்துக் கடைக்குப் போகிற வழியில் ஒப்பட்டுக் கடை கண்ணில் பட்டது. எத்தனையோ வருஷமாக அந்த வழியில் போகிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. குண்டான் பருப்பு வேகிற இடம் ஊரில் இல்லையா என்ன? இதோ இருக்கிறது. தினமும் வேகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

கடைக்கார அம்மா கல்லின் முன்னால் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார். கன்னடக்கார அம்மா, தமிழ் நன்றாக வரும். கேட்டேன்.

"பருப்புத் தண்ணியா? காலைல மாட்டுக்காரரு கேன் எடுத்துட்டு வருவாரு சார். ஊத்திக் குடுத்துடுவோம். மாடு நல்லா குடிக்கும்."

எனக்கு வயிறு எரிந்தது. ஓசூரின் உகாதிச் சாறு முழுவதையும் யாரோ ஒருவருடைய மாடுகள் குடித்துக்கொண்டிருக்கின்றன. ராகிக் களி ஒன்றுதான் அவற்றுக்குக் குறை.

"உகாதி அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் வேணும்மா. சாறு வைக்கணும்."

அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சாறா? இத்தனை வருஷத்துல யாரும் வந்து கேட்டதில்லை சார். எல்லாரும் ஒப்பட்டு மட்டும்தான் கேப்பாங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "விடிஞ்சதும் வாங்க. மாட்டுக்காரரு வர்றதுக்கு முன்னால வரணும், ஆமா. வீட்ல எவ்வளவு பேர்?" என்று கேட்டார்.

"நிறைய பேர் வர்றாங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உகாதி அன்றைக்கு விடிந்ததும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு என் மனைவி வீட்டில் கொடுத்த தூக்கு அது. கடைக்குப் பின்பக்கம் பெரிய அடுப்பில் குண்டான் இருந்தது. அங்கே ஒருவர் வடிக்கப் போனார். நான் நெருங்கிப் போய் நின்று பார்த்தேன். கொஞ்சம் அவசரக்காரர். இரண்டு மூன்று பருப்பு தண்ணீரோடு விழுந்தது. என் கை துறுதுறுத்தது, இருந்தாலும் அடக்கிக்கொண்டேன். தூக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தார்கள். "பூரணம் கொஞ்சம் கரைச்சு விடணும் சார், அது இல்லாம சாறு வராது" என்று கடைக்கார அம்மா ஒரு உருண்டையை இலையில் மடித்துத் தந்தார். நான் நிறைய பேரை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவன் மாதிரி வேகமாக நடந்தேன்.

கொழுந்தியாளைப் போனில் ஸ்பீக்கரில் போட்டு, அலமாரியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு நெருப்பில் சுடச் சொன்னாள். சுட்டேன். வரமிளகாய், மல்லி, சீரகம், மிளகு, ஒரு துண்டு பட்டை எல்லாவற்றையும் வறுத்து, தேங்காயும் பூரணமும் சேர்த்து அரைத்தேன். புளியைக் கரைத்து ஊற்றினேன். நடுநடுவே அவள் மாட்டை அதட்டுவதும் எனக்குச் சொல்வதும் கலந்து வந்தது. எது எனக்கு, எது மாட்டுக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொதி வந்தபோது வாசனை எழுந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வாசனை எங்கள் வீட்டை விட்டுப் போய் எத்தனை நாளாயிற்று என்பது அது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

"மாமா, இருக்கீங்களா? உப்பு கொஞ்சம் கம்மியாவே போடுங்க. அக்கா அப்படித்தான் போடும்."

"தெரியும்மா" என்றேன்.

குறைத்துத்தான் போட்டேன். நாளைக்கு வேண்டிய உப்பைக் கணக்கு வைத்துப் போட்டேன். முன்னறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தேன். தலையணை உறைகளைத் துவைத்து மாட்டியிருந்தேன். ராகி மாவு வாங்கி வைத்திருந்தேன். களி கிண்டுவது எனக்குத் தெரியும், மத்தூர்க்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூட முழுக்கக் கழற்றாமல் நின்றுவிட்டாள். முகர்ந்தாள்.

"சாறாப்பா? யாரு வெச்சது?"

"நான்தான்."

"நீங்களா?" என்றவள் நேராகச் சமையலறைக்குப் போய், கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான் குடிப்பாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உப்பு கம்மிப்பா" என்றாள்.

இதற்காகத்தானே இத்தனை பாடு. "நாளைக்குச் சாப்பிட்டுப் பாரு" என்றேன். சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சாப்பாடு நன்றாக நடந்தது. மாப்பிள்ளை சாறைக் கையில் வாங்கி வாங்கிக் குடித்தார். "எங்க ஊர்ல சொதி இருக்கு மாமா, ஆனா இது வேற மாதிரி இருக்கு" என்று மரியாதை குறையாமல் பாராட்டினார். பருப்புத் தண்ணீர் வாங்கிய கதையைச் சொன்னேன். மாட்டுக்காரருக்கு முன்னால் போய் நின்றதைச் சொன்னபோது மகளுக்குப் புரையேறியது. அவள் தலையைத் தட்டிக் கொடுத்தேன். அப்படி ஒரு மத்தியானம் அந்த வீட்டில் நடந்து ரொம்ப நாளாயிற்று. நான் அதிகம் பேசினேன் என்று நினைக்கிறேன்.

வெயில் தாழ ஆரம்பித்ததும் மாப்பிள்ளை போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். "அத்திப்பள்ளிகிட்ட இப்பவே செவப்பா காட்டுது" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் அப்போதுதான் எதையோ நினைத்துக்கொண்டவள் போல எழுந்தாள்.

"அப்பா, சாறு இன்னும் இருக்குதில்ல?"

"இருக்குது, இருக்குது. நிறைய இருக்குது."

"நாளைக்குத்தானே நல்லா இருக்கும்" என்றாள்.

நான் முன்னறைக் கட்டிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் நகர்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே போனேன். அலமாரியிலிருந்து அவள் அம்மாவுடைய தூக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைல எங்க ரெண்டு பேருக்குமே சீக்கிரம் மீட்டிங். இட்லி ஊத்தி இதை வெச்சுச் சாப்பிட்டுட்டுப் போயிடுவோம். அம்மா சொல்லுமே, மறுநாள் சாறுதான் சாறுன்னு."

அவள் எதையும் மறக்கவில்லை. உப்பு, மறுநாள், எல்லாம் நினைவில் இருந்தது. அந்த மறுநாளைப் பெங்களூரில் வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிற்று. அவள் சாறுப் பாத்திரத்தைத் தூக்கப் போனாள், கெடாமல் இருக்க நான் கொஞ்சம் முன்னால் ஒரு கொதி விட்டிருந்த சூடு ஆறவில்லை. "விடு, நான் பாத்துக்கறேன்" என்று துணியைச் சுற்றிப் பிடித்து, மூடியை அழுத்தி, சாய்த்தேன். ஒரு துளி கீழே சிந்தவில்லை.

"உங்களுக்குக் கொஞ்சம் வெச்சுக்குங்கப்பா."

"எனக்குத் தனியா எடுத்து வெச்சிட்டன்" என்றேன். தூக்கு நிறையும்வரை ஊற்றினேன்.

கார் திரும்புகிறவரை அவள் கையாட்டினாள். தூக்கு அவள் மடியில் இருந்தது. சிந்தாமல் இருக்கப் பத்திரமாகப் பிடித்திருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தோடு இருந்தால் வீட்டில் ஏதோ ஒரு துணையாவது இருக்கும். அன்றைக்குப் பாத்திரம் கழுவ மனசில்லை. அப்படியே போட்டுவிட்டுப் படுத்தேன். புது விரிப்பு போட்ட கட்டிலில் அல்ல, என் பாயில்.

காலையில் பழக்கத்தில் எழுந்து, வாங்கிய மாவு வீணாகக் கூடாது என்று களி கிண்டினேன். ஒரு உருண்டை வந்தது. தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. மகள். பின்னால் மாப்பிள்ளை இட்லி கேட்கிற குரல்.

"அப்பா! உப்பு சரியா இருக்குதுப்பா. இன்னிக்குத்தான் அப்படியே அம்மா சாறு." அடுத்த வாயை விழுங்கிவிட்டுக் கேட்டாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுட்டேதான் இருக்கன்" என்றேன்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது பாப்பா."

மீட்டிங் என்று வைத்துவிட்டாள். தட்டில் களி மட்டும் இருந்தது. மகளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. எழுந்து போய், கழுவாமல் போட்டிருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அடியிலும் ஓரத்திலும் சாறு கெட்டியாக ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு கை வெந்நீர் விட்டுச் சுற்றிலும் இளக்கினேன். களியைப் பிட்டு, பாத்திரத்தை வழித்து, வாயில் போட்டுக்கொண்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.